படச்சுருள் இல்லாத பள்ளிக்கூடம்

திரைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள என்னென்ன வேண்டும் என்று இன்றைய மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நல்ல காமிரா, விரைவாக இயங்கும் கணிப்பொறி, படத்தொகுப்பு மென்பொருள் என்று விரல் மடக்கி எண்ணத் தொடங்குவார். அவர் எண்ணும் பொருள்களுள் பெரும்பாலானவை கிட்டாத ஒரு பள்ளிக்கூடம் 1919ஆம் ஆண்டில் மாஸ்கோவில் தொடங்கப்பெற்றது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நகரம் அது. உணவுக்கும் விறகுக்கும் பஞ்சம். மின்சாரம் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். திரைப்படக் கலைக்கென்று ஓர் அரசு தொடங்கிய முதற்பள்ளி என்று வரலாறு குறிப்பிடும் அந்நிறுவனத்தில், படம் பிடிப்பதற்குப் படச்சுருள் இல்லை.

ஆயினும், ஒரு காட்சித்துண்டை இன்னொன்றோடு ஒட்டுவதில் ஒரு கலையே அடங்கியிருக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச்சொன்னவர்களுள் பலர் அங்கிருந்தும் அதன் சுற்றுவட்டத்திலிருந்துமே வந்தார்கள். இல்லாமையில் இருந்து இவ்வளவு எப்படி விளைந்தது? அந்த மாணவர்கள் உண்மையில் எதைக் கற்றார்கள்? கற்றதை வைத்து என்ன செய்தார்கள்? இம்மூன்று கேள்விகளையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்முடைய துறை தமிழிலக்கியம்; படத்தொகுப்பு அன்று. எனினும் சொல்லும் சொல்லும் அடுத்தடுத்து நிற்கும்போது பொருள் எங்கே பிறக்கிறது என்பது நம் இலக்கணிகள் நெடுங்காலம் சிந்தித்த சிக்கல்தான். ஆகவே இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதென்று சொல்வதற்கில்லை.

இருபது வயது ஆசிரியர்

1919 ஆகஸ்டு 27ஆம் நாள் ருஷ்யத் திரைப்படத் தொழிலை நாட்டுடைமையாக்கும் ஆணையில் லெனின் கையொப்பமிட்டார். அதையொட்டி அமைந்த அரசுத் திரைப்படப் பள்ளிக்கு முதல் தலைவராக விளாதிமிர் கார்தின் என்னும் இயக்குநர் பொறுப்பேற்றார். அப்பள்ளியே பின்னாளில் 'வ்கிக்' என்ற சுருக்கப் பெயரால் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது.

அங்கு வந்து சேர்ந்த ஆசிரியர்களுள் ஒருவர் லெவ் குலெஷோவ். தம்போவ் நகரில் 1899ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு இருபது வயதே ஆகியிருந்தது. ஓவியம் பயின்ற அவர், 1916இல் கான்ஜோன்கோவின் படநிறுவனத்தில் யெவ்கேனி பாவெர் என்ற இயக்குநரிடம் கலை அமைப்பாளராகச் சேர்ந்தார். பாவெர் ஒளியையும் அரங்க அமைப்பையும் நுட்பமாகக் கையாண்டவர். அவருடைய படங்களில் காட்சிகள் நீளமாக ஓடும்; நடிகர்கள் மெல்ல நகர்வார்கள்; காமிரா அவர்களைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்கும். 1917இல் பாவெர் மறைந்தார். அதே ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பிய குலெஷோவ் திரைப்பட இதழொன்றில் கட்டுரைகள் எழுதத் தொடங்கியிருந்தார்.

அந்நாளில் அவர் மேற்கொண்ட ஒரு பயிற்சி குறிப்பிடத்தக்கது. நண்பர்களோடு மாஸ்கோவின் திரையரங்குகளுக்குச் செல்வார். அவற்றுள்ளும் மலிவான கட்டணத்துக் கொட்டகைகளையே விரும்பித் தேர்வார். அங்கே அவர்கள் கவனித்தது திரையை மட்டுமன்று. பார்க்கும் மக்களின் முகங்களையும்தான். சீமான்களின் அரங்கில் இருப்பவர் உணர்ச்சியை அடக்கிக்கொள்வார்; கொட்டகையில் இருப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார், கூச்சலிடுவார், இருக்கையின் நுனிக்கு வருவார். அவ்வாறு பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. ருஷ்யப் படங்களைவிட அமெரிக்கப் படங்களே கூட்டத்தைக் கட்டிப்போட்டன. ஏன் என்று ஆராய்ந்தபோது, அமெரிக்கப் படங்கள் சிறுசிறு துண்டுகளால் ஆனவை என்பதும், ருஷ்யப் படங்கள் நீண்ட சில துண்டுகளால் ஆனவை என்பதும் தெரியவந்தன. வேறுபாடு நடிப்பில் மட்டும் இல்லை, தொகுப்பில் இருக்கிறது என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

ஒரு தற்செயலும் அவருக்குப் பாடம் சொன்னது. 1918இல் அவர் இயக்கிய 'பொறியாளர் பிரைட்டின் திட்டம்' என்ற படத்தில், மின்கம்பங்களைப் பாத்திரங்கள் பார்ப்பதாக ஒரு காட்சி வேண்டியிருந்தது. பாத்திரங்களும் கம்பங்களும் சேர்ந்திருக்கும் துண்டு எடுக்கப்படவில்லை. ஓரிடத்தில் எடுத்த பார்க்கும் முகங்களையும், வேறோரிடத்தில் எடுத்த கம்பங்களையும் அடுத்தடுத்து ஒட்டிப் பார்த்தார். அவர்கள் கம்பங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று பார்ப்பவர் மனம் தானாகவே ஏற்றுக்கொண்டது. உலகத்தில் இல்லாத ஓரிடம் திரையில் உண்டாகிவிட்டது!

தேறாதவர்களின் வகுப்பு

பள்ளிக்கு வந்த குலெஷோவ் முதலில் கையேற்ற மாணவர்கள் சிறந்த மாணவர்கள் அல்லர் என்பது, ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு உவப்பான செய்தி. நடிப்புத் தேர்வில் தேறாத சிலரை மறுதேர்வுக்கு ஆயத்தம் செய்ய அவர் முன்வந்தார். சிறுசிறு நிகழ்ச்சிகளை அமைத்து அவர்களைப் பழக்கினார். மறுதேர்வில் அவர்கள் தேறியது மட்டுமன்றிச் சிறப்பாகவும் செய்தார்கள். அதன் பின்னரே அவரைச் சுற்றி ஒரு குழு உருவாகத் தொடங்கியது. 'குலெஷோவ் பட்டறை' என்று வரலாற்றில் நிலைத்த பெயர் அக்குழுவுக்குரியது.

பட்டறையில் வந்து சேர்ந்தவர்களைப் பாருங்கள். விசெவலோத் புடோவ்கின் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர்; முதல் உலகப்போரில் காயமுற்று, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்; ஆசிரியரைவிட ஆறு வயது மூத்தவர். போரிஸ் பார்னெட் குத்துச்சண்டை வீரர். அலெக்சாந்திரா கோக்லோவா, திரையழகுக்கு அந்நாளில் வகுத்திருந்த வரையறைகள் எவற்றுக்கும் உட்படாத உடலமைப்பும் முகமும் கொண்டவர். பின்னர் குலெஷோவின் வாழ்க்கைத் துணைவியானார். விளாதிமிர் ஃபோகெல், செர்கெய் கொமரோவ், லியோனித் ஒபொலென்ஸ்கி ஆகியோரும் உடனிருந்தார்கள்.

இவர்களுக்கு வாய்த்த கருவிகள் மிகச் சில. ருஷ்யாவில் அப்போது படச்சுருள் உற்பத்தியாகவில்லை. எல்லாம் அயல்நாட்டிலிருந்து வந்தாக வேண்டும். போரும் முற்றுகையும் அவ்வழியை அடைத்துவிட்டன. எஞ்சியிருந்த சிறிதளவு சுருளும் போர்முனைச் செய்திப்படங்களுக்கே சென்றது. 1920இல் குலெஷோவும் மாணவர்களும் 'செம்முனையில்' என்ற சிறுபடத்தை எடுத்தார்கள்; உண்மையான போர்க்களக் காட்சிகளோடு நடித்த காட்சிகளைக் கலந்த படம் அது. அத்தகைய வாய்ப்பு எப்போதோ ஒரு முறைதான் கிட்டியது. மற்ற நாள்களில் என்ன செய்வது?

அவர்கள் கண்ட வழி, படச்சுருள் இல்லாமலே படம் எடுப்பது! மேடையில் திரைச்சீலைகளை அமைத்தார்கள். ஒரு சீலை விலகினால் ஒரு காட்சி. அது மூடி மற்றொன்று விலகினால் அடுத்த காட்சி. தொலைவிலிருந்து காணும் காட்சி, அருகிலிருந்து காணும் முகம், கை மட்டும், கதவு மட்டும் என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று வரையறுத்து நடித்தார்கள். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரவேண்டும் என்பது முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்கும். உடலசைவுக்கும் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: வெளியைக் கட்டங்கட்டமாகப் பிரித்துக்கொண்டு, அக்கோடுகளை ஒட்டியே தலையும் கையும் நகருமாறு பயின்றார்கள். திரையில் ஒரு துண்டு சில நொடிகளே நிற்கும். அதற்குள் அசைவு தெளிவாகப் படிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

காமிரா ஓடாதபோதும் படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இங்கே நாம் உற்றுநோக்க வேண்டிய செய்தி. தொகுப்பு என்பது எடுத்து முடித்தபின் கத்தரியோடு தொடங்கும் வேலையன்று. எடுப்பதற்கு முன் மனத்தில் தொடங்கும் வேலை. இன்று பத்து மணிநேரக் காட்சியை எடுத்துக் குவித்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்கும் மாணவருக்கு இது புதுச்செய்தியாகவே இருக்கக்கூடும்.

ஒரே முகம், மூன்று பொருள்

குலெஷோவின் பெயரை இன்று எல்லாத் திரைப்பட மாணவரும் அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு சோதனை. இவான் மொசூகின் என்பவர் புரட்சிக்கு முந்திய ருஷ்யாவின் புகழ்மிக்க நடிகர். 1920இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடைய பழைய படமொன்றில் இருந்து, பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத முகத் துண்டு ஒன்றைக் குலெஷோவ் எடுத்துக்கொண்டார். அதனை ஒருமுறை சூப்பு வைத்த தட்டோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் இணைத்தார். பார்த்தவர்கள் மொசூகினின் நடிப்பை வியந்தார்களாம்: பசியை எப்படிக் காட்டினார், துயரத்தை எப்படிக் காட்டினார், சிறுமியைக் கண்ட மகிழ்ச்சியை எப்படிக் காட்டினார் என்று! முகமோ மூன்றிலும் ஒன்றே.

இங்கே வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். மேற்கண்ட விவரம் புடோவ்கின் சொன்னது. 1929இல் லண்டனில் அவர் ஆற்றிய உரைவழியே மேற்குலகில் பரவியது. குலெஷோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது இணைத்த பொருள்களின் பட்டியல் வேறாக இருந்தது. அந்தப் படத்துண்டு நமக்குக் கிடைக்கவில்லை. 1992இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் அச்சோதனையைப் புதிதாகச் செய்து பார்த்தபோது, எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. பின்வந்த வேறு சில ஆய்வுகளில் ஓரளவு கிட்டியது. ஆகவே, "முகத்தில் எதையும் காட்ட வேண்டியதில்லை, தொகுப்பாளர் பார்த்துக்கொள்வார்" என்று இதனை ஒரு சூத்திரமாக மனனம் செய்வது பிழையாகும். அருகில் நிற்பது பொருளை மாற்றுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்பது முகத்தையும், அருகில் நிற்பதையும், பார்ப்பவரையும் பொறுத்தது. இவ்வளவுதான் நாம் உறுதியாகச் சொல்லத்தக்கது.

நன்னூல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். பவணந்தி முனிவர் பொருள்கோளை எட்டாகப் பகுத்தார். அவற்றுள் தாப்பிசை என்பது, நடுவில் நிற்கும் சொல் ஊசலைப் போல முன்னும் பின்னும் சென்று இருபுறத்தும் பொருள் கொடுப்பது. அடிமறிமாற்று என்பது, அடிகளை இடம் மாற்றினும் பொருள் கெடாமல் நிற்பது. கொண்டுகூட்டு என்பது, வெவ்வேறு அடிகளில் கிடக்கும் சொற்களைத் தேவையான இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பது. ருஷ்ய இளைஞர்கள் நன்னூலை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவதும் நம் நோக்கமன்று. வரிசையும் அண்மையும் பொருளை ஆக்குகின்றன என்ற உண்மையை, சொல்லை வைத்துச் சிந்தித்தவர்களும் படத்தை வைத்துச் சிந்தித்தவர்களும் தனித்தனியே சென்று தொட்டிருக்கிறார்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவது. சூப்புத் தட்டுக்கும் சவப்பெட்டிக்கும் இடையில் நிற்கும் மொசூகினின் முகம் தாப்பிசையாக நிற்கும் ஒரு சொல்தான்.

வேறு சோதனைகளும் நடந்தன. ஒன்றில், கோக்லோவாவும் ஒபொலென்ஸ்கியும் மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடந்துவந்து சந்திக்கிறார்கள், கைகுலுக்குகிறார்கள், எதையோ பார்க்கிறார்கள், திரையில் தெரிவது வாஷிங்டனின் வெள்ளை மாளிகை! அமெரிக்கப் படமொன்றில் இருந்து வெட்டியெடுத்த துண்டு அது. இன்னொன்றில், பல பெண்களின் முகம், கை, கால், முதுகு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து இணைத்து, உலகில் இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கினார்கள். இவையெல்லாம் கட்டுக்கதையோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. 1990களில் ருஷ்ய ஆவணக்காப்பகம் ஒன்றில் அச்சோதனைகளுள் ஒன்றன் துண்டு கண்டெடுக்கப்பட்டபின், அவை உண்மையிலேயே எடுக்கப்பட்டன என்பது உறுதியாயிற்று.

பிறர் படம் என்னும் பாடநூல்

புதுச்சுருள் இல்லையென்றாலும் பழைய படங்கள் இருந்தன. டி. டபிள்யூ. கிரிஃபித் 1916இல் எடுத்த 'இன்டாலரன்ஸ்' 1919இல் ருஷ்யாவில் திரையிடப்பட்டது. நான்கு வெவ்வேறு காலத்துக் கதைகளை மாற்றி மாற்றிப் பின்னிச் செல்லும் அப்படத்தைப் பார்த்தபின்னரே திரைப்படத்துக்கு வருவதென்று புடோவ்கின் முடிவு செய்தார். பட்டறை மாணவர்கள் அதனை மீண்டும் மீண்டும் பார்த்து, துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள் என்று திரைப்பட வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இதைவிட முறையான ஒரு பயிற்சிக்களமும் இருந்தது. அயல்நாட்டுப் படங்களைச் சோவியத் பார்வையாளர்களுக்கு ஏற்ப மாற்றித் தொகுக்கும் பணி அது. குலெஷோவே தொடக்கத்தில் அத்தகைய மறுதொகுப்புப் பணியில் இருந்தவர்தான். எனினும் அப்பணியில் தலைசிறந்து விளங்கியவர் எஸ்ஃபிர் ஷூப் என்னும் பெண்மணி. 1922 முதல் அரசுத் திரைப்பட நிறுவனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அயல்நாட்டுப் படங்களை அவர் பிரித்துக் கட்டினார். ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூசே' படத்தை 1924இல் அவர் மறுதொகுப்பு செய்தபோது, உடனிருந்து உதவியவர் அதுவரை நாடகத்தில் இருந்த ஓர் இளைஞர். அவர் பெயர் செர்கெய் ஐசன்ஸ்டைன். குலெஷோவின் பட்டறையிலும் அவர் சில மாதங்கள் பயின்றதுண்டு. அடுத்த ஆண்டிலேயே அவருடைய 'வேலைநிறுத்தம்', 'போர்க்கப்பல் பொத்தெம்கின்' ஆகிய இரண்டும் வெளிவந்தன.

பிறர் எடுத்த படத்தைப் பிரிப்பது ஏன் நல்ல பள்ளிக்கூடமாகிறது? தாம் எடுத்த காட்சியின்மீது எவருக்கும் ஒரு பாசம் உண்டு. எவ்வளவு பாடுபட்டு எடுத்தோம் என்ற நினைவு கத்தரி வைக்கும் கையைத் தடுக்கும். பிறர் படத்தில் அந்தத் தடை இல்லை. துண்டு என்ன சொல்கிறது என்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மேலும், ஒரு துண்டை எடுத்துவிட்டால் எது சரிகிறது, எது சரியாமல் நிற்கிறது என்பதைக் கையாலேயே உணரலாம். செய்யுளைச் சீர்பிரித்துப் பயில்வதும் இத்தகைய பயிற்சியே அல்லவா?

1924இல் பட்டறைக்குச் சுருள் கிடைத்தது. 'போல்ஷ்விக்குகளின் நாட்டில் மிஸ்டர் வெஸ்ட்' என்ற நகைச்சுவைப் படத்தைக் குலெஷோவ் இயக்கினார், மாணவர்களே நடித்தார்கள், புடோவ்கின் வஞ்சகர் கூட்டத்தின் தலைவனாகவும், பார்னெட் அமெரிக்கக் கௌபாயாகவும் வந்தார்கள். 1926இல் ஜாக் லண்டனின் கதையைத் தழுவி 'சட்டப்படி' என்ற படம் வந்தது. ஒரு குடில், பனி, வெள்ளம், விரல்விட்டு எண்ணத்தக்க நடிகர்கள், மிகக் குறைந்த செலவு! அதே ஆண்டில் புடோவ்கினின் 'தாய்' வெளியாயிற்று. சிறையில் இருக்கும் மகனுக்கு விடுதலை பற்றிய செய்தி வருகிறது. அவன் மகிழ்ச்சியை முகத்தில் முழுதும் காட்டாமல், கைகளையும் உதட்டின் ஓரத்தையும் காட்டி, அவற்றோடு பனியுருகி ஓடும் ஓடையையும், நீரில் விளையாடும் பறவைகளையும், சிரிக்கும் குழந்தையையும் இணைத்தார் புடோவ்கின். கருப்பொருளை வைத்து உரிப்பொருளைச் சொல்லும் அகப்பாடல் மரபில் ஊறியவர்கள் இவ்வுத்தியை உடனே அடையாளங்கண்டுகொள்வார்கள். திரைச்சீலைகளை விலக்கி மூடிப் பயின்ற பாடம் அங்கே கனிந்திருப்பதைக் காணலாம்.

கத்தரியின் மறுபக்கம்

இவ்வளவும் வெற்றிக்கதை. ஆனால் இவ்வரலாற்றை இதோடு முடித்துவிட்டால் அரை உண்மையைச் சொன்னவர்களாவோம்.

மறுதொகுப்பு என்பது பயிற்சி மட்டுமன்று. அது ஓர் அரசுப்பணி. வேறொருவர் ஒரு கருத்தோடு எடுத்த படத்தை, அவர் அறியாமலே, வேறொரு கருத்துக்கு வளைக்கும் பணி. இடையெழுத்துகளை மாற்றி, வரிசையை மாற்றி, தேவையெனில் பாத்திரத்தின் இயல்பையே மாற்றிவிடலாம். 'டாக்டர் மபூசே' அவ்வாறு 'பொன்முலாம் பூசிய அழுகல்' என்ற பெயரில் முதலாளித்துவத்தின் சீரழிவைக் காட்டும் படமாக ஆக்கப்பட்டது. மொசூகினின் முகத்துக்குச் செய்ததை ஒரு முழுப்படத்துக்குச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

ஷூப் 1927இல் தொகுத்த 'ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி' இவ்வகையில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க படம். அதற்கென்று அவர் ஒரு காட்சிகூடப் புதிதாக எடுத்துக் கதை சொல்லவில்லை. சுமார் 60,000 மீட்டர் பழைய படச்சுருளைப் பார்த்து, அதிலிருந்து சுமார் 1,500 மீட்டரைத் தேர்ந்து கட்டினார். அரச குடும்பத்தின் பெருமைக்காக எடுக்கப்பட்ட காட்சிகளே அக்குடும்பத்தின் மீது குற்றம் சாட்டும் சாட்சிகளாயின. கப்பல் தளத்தில் பிரபுக்கள் நடனமாடி வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் காட்சியை அடுத்து, குடியானவர்கள் உழைத்து வியர்வை சிந்தும் காட்சி வருகிறது. இரண்டும் உண்மையான காட்சிகள், எதுவும் புனைவன்று. இணைப்பு மட்டுமே ஷூபினுடையது. அந்த இணைப்பு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அதே கத்தரி அதே திறமையோடு ஒரு பொய்யையும் நிறுவியிருக்கக்கூடும். கத்தரிக்கு வேறுபாடு தெரியாது. பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரிய வேண்டும்.

பட்டறையின் ஆசிரியருக்கு நேர்ந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1929இல் குலெஷோவின் 'திரைப்படக் கலை' என்ற நூல் வெளிவந்தபோது, புடோவ்கின் முதலிய மாணவர்கள் முன்னுரை எழுதி, தங்கள் படங்களுக்கெல்லாம் அடித்தளம் ஆசிரியர் இட்டதே என்று நன்றியோடு ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் காற்றுத் திசை மாறியது. கருத்தைவிட வடிவத்தைப் போற்றுபவர் என்பது 1930களில் ஆபத்தான குற்றச்சாட்டு. அது குலெஷோவின் மீதும் விழுந்தது. ஒரு துண்டை அடுத்த துண்டு எப்படி மாற்றுகிறது என்று கண்டுசொன்னவரின் சொந்தச் சொற்களே, வேறு சொற்களுக்கு அருகில் வைக்கப்பட்டுக் குற்றப்பத்திரிகையாயின. அவர் படமெடுப்பது குறைந்தது. 1940களுக்குப் பின் நின்றேவிட்டது. ஆனால் கற்பிப்பதை நிறுத்தவில்லை. 1941இல் இயக்குநர் பயிற்சிக்கென்று விரிவான பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 1944இல் அதே பள்ளியின் தலைவரானார். 1970இல் மறையும் வரை ஆசிரியராகவே வாழ்ந்தார்.

சென்னை வரை வந்த ஓர் இழை

இந்தப் பட்டறையின் மாணவர் ஒருவருக்கும் தமிழ்த் திரைக்கும் இடையே மெல்லிய இழையொன்று உண்டு. 1951இல் புடோவ்கின், நடிகர் நிக்கொலாய் செர்காசோவுடன் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் நிமாய் கோஷ் இயக்கிய 'சின்னமூல்' என்ற வங்காளப் படத்தைப் பார்த்தார். நாட்டுப் பிரிவினையால் வேரற்றுப்போன மக்களைப் பற்றிய படம் அது. அவருடைய பாராட்டின் பயனாக அப்படம் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. அந்த நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்கு வந்து குடியேறி, 1960இல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப்படத்தை இயக்கினார், எம். பி. சீனிவாசன் இசையமைத்தார், ஜெயகாந்தன் பாடல் எழுதினார். இதனை வைத்துப் பெரிய பரம்பரை எதையும் நாம் நாட்ட முற்படவில்லை. கற்றவர் ஒருவர் பிறர் படைப்பைக் கூர்ந்து பார்க்கிறார், பார்த்ததைப் பாராட்டுகிறார், அப்பாராட்டு இன்னொருவர் வழிக்கு ஊக்கமாகிறது. கலைவரலாறு பெரும்பாலும் இத்தகைய சிறு இழைகளால் ஆனதுதான்.

எதைக் கற்றார்கள்?

இல்லாமைதான் அவர்களைக் கலைஞர்களாக்கியது என்று சொல்வது எளிது, கேட்கவும் இனிது. ஆனால் அது உண்மையன்று. அதே மாஸ்கோவில் அதே பஞ்சத்தில் ஒன்றும் கற்காதவர்களும் இருந்திருப்பார்கள். படச்சுருள் இல்லாததை மாணவர்களோ ஆசிரியரோ கொண்டாடவில்லை. கிடைத்தவுடன் படம்தான் எடுத்தார்கள். வறுமை ஒரு கல்விமுறை ஆகாது. ஏழை மாணவரிடம் "குலெஷோவ் சுருள் இல்லாமலே கற்றார்" என்று சொல்லிக் கருவி தர மறுப்பது அறமும் ஆகாது.

அவர்களை ஆக்கியது அவர்கள் மேற்கொண்ட மூன்று பழக்கங்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. எடுப்பதற்கு முன் துண்டுகளாகச் சிந்தித்தார்கள். பிறர் படைப்பைப் பிரித்துப் பார்த்துக் கற்றார்கள். பார்ப்பவரின் முகத்தைப் பார்த்துத் தங்கள் முடிவுகளைச் சரிபார்த்தார்கள். இம்மூன்றுக்கும் அன்றும் செலவில்லை, இன்றும் செலவில்லை. இன்று கைப்பேசி ஒன்றே காமிராவாகவும் தொகுப்பு மேசையாகவும் இருக்கிறது. ஆகவே இப்பழக்கங்கள் மேலும் எளிதாகியிருக்க வேண்டும். ஆயினும் கருவி மிகுந்தபோது முதற்பழக்கம் மறைந்துபோகிறது. தன் படத்தைப் பார்ப்பதிலேயே காலம் கழியும்போது இரண்டாவது மறைகிறது. விருப்பக்குறிகளை எண்ணும்போது மூன்றாவதும் மறைகிறது. விருப்பக்குறி முகமன்று, எந்த இடத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார், எந்த இடத்தில் பார்வை விலகிற்று என்பதை அது சொல்லாது.

நான்காவதாக ஒன்றை அந்தப் பள்ளி கற்பிக்கவில்லை. அதன் வரலாறு கற்பிக்கிறது. ஒருவர் மேடையில் பேசிய ஒரு மணிநேரப் பேச்சிலிருந்து பத்து நொடியை வெட்டி, வேறொன்றுக்கு அருகில் ஒட்டி, அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் காணொலிகள் நாள்தோறும் நம் கைக்கு வருகின்றன. செய்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், தொகுப்பில் தேர்ந்தவர்கள். அவர்களுக்குத் திறமை குறைவென்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே படத்தொகுப்பைக் கற்பிக்கும் எவரும், எப்படி ஒட்டுவது என்பதோடு, இந்த முகம் உண்மையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். மொசூகினின் முகத்துக்கு அருகில் சவப்பெட்டியை வைத்த இளைஞர்கள் அது சோதனை என்பதை அறிந்திருந்தார்கள். பார்த்தவர்கள் அறிந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கலையும் பிறக்கிறது, வஞ்சகமும் பிறக்கிறது. இரண்டில் எதற்குத் தம் கத்தரி உழைக்கிறது என்று ஒவ்வொரு வெட்டிலும் கேட்டுக்கொள்ளும் மாணவரே தேறியவர் என்பது நம் துணிபு.